தலை ஆடுகிற ஸ்பைடர், 66 சதவீத ஹெட், கலப்பின கார்ன் ஸ்னேக்: பாம்பு வாங்குவோர் கேட்டவை

கேள்வி: டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். பத்தாவது படிக்கும் மகன் இரண்டு வருடமாகப் பாம்பு வேண்டும் என்று உயிரை வாங்குகிறான். போன வாரம் ஒரு ஊர்வனச் சந்தைக்குக் கூட்டிப் போனோம். மஞ்சளும் கறுப்புமாக 'பம்பிள்பீ' என்று ஒரு பால் பைத்தான் (ball python, பந்தாகச் சுருண்டுகொள்ளும் சிறிய ஆப்பிரிக்க மலைப்பாம்பு) குட்டி, பார்க்க அவ்வளவு அழகு, விலையும் பக்கத்து மேஜைகளைவிடக் குறைவு. கையில் எடுத்தபோது தலை லேசாக ஆடியது. கேட்டதற்கு, "இந்த மார்ஃபுக்கே அப்படித்தான், நன்றாகச் சாப்பிடும், பயப்படாதீர்கள்" என்றார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். விற்றவர் பொய் சொல்லவில்லை, சிக்கலே அதில்தான் இருக்கிறது. மார்ஃப் என்றால் நிறத்துக்காகவும் கோலத்துக்காகவும் பொறுக்கியெடுத்துப் பெருக்கிய வகை. பாஸ்டல் என்ற நிற மரபணுவும் ஸ்பைடர் என்ற கோல மரபணுவும் ஒரே குட்டியில் சேர்ந்தால் அதுதான் பம்பிள்பீ. ஆட்டம் வருவது ஸ்பைடர் பக்கத்திலிருந்து. 1999-ல் ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த ஒரு பாம்பு, நியூ ஹாம்ப்ஷயரில் கெவின் மெக்கர்லி என்ற பிரீடரிடம் (பாம்புகளைப் பெருக்கி விற்பவர்) போய்ச் சேர்ந்தது. இன்று விற்பனையில் இருக்கும் ஸ்பைடர்கள் அந்த வம்சம்தான். அதற்குப் பிறகு எத்தனையோ தலைமுறை வெளி ரத்தம் கலந்து பார்த்துவிட்டார்கள், கோலம் வந்தால் கோளாறும் கூடவே வருகிறது. இரண்டையும் பிரிக்க முடியவில்லை.

ஏன் என்பதற்கும் விடை கிடைத்துவிட்டது. 2022-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் சாதாரணப் பால் பைத்தானையும் ஸ்பைடரையும் சி.டி. ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டார்கள். ஸ்பைடரின் உள்காதில், உடம்பின் சமநிலையைக் காக்கிற அரைவட்டக் குழாய்கள் உருமாறியிருந்தன, அதை ஒட்டியிருக்கும் சாக்குலஸ் என்ற சிறு பையும் சரியான வடிவத்தில் இல்லை. அதாவது பிரீடர்கள் இத்தனை காலமும் 'கூட்டின் சூடு அதிகம்', 'பயத்தில் ஆடுகிறது' என்று சொல்லிவந்தது எதுவும் மூலகாரணம் இல்லை. பயமும் சூடும் ஆட்டத்தைக் கூட்டும், அவ்வளவுதான்.

நீங்கள் கையில் வைத்துப் பார்த்தது லேசான ஆட்டம். இரை கொடுக்கும்போது பார்க்க வேண்டும். இடுக்கியில் எலியை நீட்டினால் தலை ஒரு பக்கமாகச் சாயும், சாய்ந்தது நிற்காமல் திருகிக்கொண்டே போய்க் கீழ்த்தாடை கூரையைப் பார்க்கும், அந்த நிலையிலேயே பாய்ந்து எலிக்கு ஓர் அங்குலம் தள்ளி வெறுங்காற்றைக் கவ்வும். அப்புறம் மறுபடி குறிபார்க்கும். சில பாம்புக்கு இது கண்ணுக்கே தெரியாத அளவு, சிலதுக்கு மல்லாந்துவிடுகிற அளவு. குட்டியில் லேசாக இருப்பது பெரிதானபின் எப்படி ஆகும் என்று எந்தப் பிரீடரும் எழுதிக் கொடுக்க மாட்டார்.

"சாப்பிடுகிறது, முட்டையிடுகிறது, பிறகென்ன?" என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் எடுத்து வீசுகிற வாதம். எனக்கு அதில் சம்மதமில்லை. பாம்பு முனகாது, முகம் சுளிக்காது, நொண்டுவதற்குக் காலும் இல்லை. கஷ்டத்தைக் காட்டத் தெரியாத பிராணியிடம் பசியை மட்டும் வைத்து ஆரோக்கியத்தை அளப்பது விற்பவருக்கு வசதி, பாம்புக்கு இல்லை. தலைசுற்றல் வந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டு படுத்தவர்கூடச் சாப்பாட்டுத் தட்டை நீட்டினால் நாலு வாய் சாப்பிடத்தான் செய்வார். பிரிட்டனின் சர்வதேச ஊர்வனவியல் சங்கம் தன் கண்காட்சிகளில் ஸ்பைடர் விற்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. ஜெர்மனியின் விலங்குநலச் சட்டம், 11பி பிரிவு, துன்பம் தரும் குறைபாட்டோடுதான் குட்டி பிறக்கும் என்று தெரிந்தே இனப்பெருக்கம் செய்வதையே தடுக்கிறது. அமெரிக்காவில் அப்படிப்பட்ட பொதுவான தடை இல்லை, அதனால் முடிவு வாங்குகிறவர் கையில்தான்.

விலை ஏன் குறைவு என்று யோசித்தீர்களா? இந்த மரபணு ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே போதும், கோலம் தெரியும். ஆறு முட்டை உள்ள ஈட்டில் ஏறக்குறைய மூன்று ஸ்பைடராகவே பொரியும். பெருக்குவது அவ்வளவு சுலபம், அதனால் மலிவு. நீங்கள் ஒன்றை வாங்கினால் அடுத்த ஈட்டுக்கு ஆர்டர் கொடுத்த மாதிரி. அந்தக் குட்டி பாவம் என்று தோன்றினால், யாரோ வளர்க்க முடியாமல் மீட்பு மையத்தில் விட்டுப்போன பெரிய ஸ்பைடர் ஒன்றைத் தத்தெடுங்கள். ஏறி விழ உயரமான கிளை வைக்காமல், உயிரெலி போடாமல், உறைநிலையிலிருந்து எடுத்துச் சூடாக்கிய எலியைக் கொடுத்து வளர்த்தால் போதும். அதை இணைசேர்க்காதீர்கள், அவ்வளவுதான்.

பெயர்ப் பலகையில் வேறு எவற்றைக் கண்டால் நகர வேண்டும்? வோமா, சாம்பெயின், ஹிட்டன் ஜீன் வோமா மூன்றுக்கும் ஸ்பைடர் மாதிரியே ஆட்டம் உண்டு. சூப்பர் சினமன், சூப்பர் பிளாக் பாஸ்டல் இரண்டிலும் முதுகெலும்பு வளைவும் வாத்து மாதிரி தட்டை மூக்கும் வரும். கேரமல் அல்பினோவிலும் முதுகு வளைவு கேள்விப்பட்டதுதான். 'டெசர்ட்' பெண் பாம்புக்கு முட்டையிடுவதே ஆபத்து. பெரும்பாலும் பெயர் நேரடியாக இருக்காது, பம்பிள்பீ மாதிரி கூட்டுப் பெயராக இருக்கும், ஆகவே "இதில் என்னென்ன மரபணு இருக்கிறது, ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். சொல்லத் தயங்கினால் அடுத்த மேஜை.

மார்ஃப் என்றாலே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. பாஸ்டல், பைட், கிளவுன் இவையெல்லாம் தோலின் கோலத்தோடு நிற்பவை, நரம்புக் கோளாறு எதுவும் இவற்றோடு ஒட்டிவருவதாகத் தெரியவில்லை. அல்பினோவும் சரி, கண் கூசும் என்பதால் ஒளிந்துகொள்ள இருட்டான இடம் கூடுதலாக வைத்தால் போதும். சாதாரணப் பழுப்பு நிறப் பால் பைத்தான்கூட அழகுதான், ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சீட்டில் 'சி.பி.' என்றால் கூண்டில் இணைசேர்ந்து பிறந்தது. 'சி.எச்.' என்றால் பெரும்பாலும் கானா, டோகோ, பெனின் நாடுகளில் சினைப்பாம்பைக் காட்டில் பிடித்து, முட்டையைப் பொரிக்க வைத்து ஏற்றுமதி செய்தது. இரண்டும் குட்டிதான், கையடக்கம்தான், விலையில்கூடச் சில சமயம் பெரிய வித்தியாசம் இருக்காது. முதலாவதை வாங்குங்கள்.

வாங்கும் இடத்தில், கழுத்திலிருந்து வால்வரை முதுகெலும்பு மேல் விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், முடிச்சோ வளைவோ தட்டக் கூடாது. கண்ணைச் சுற்றியும் தாடைக்கு அடியிலும் மிளகுப்பொடி தூவின மாதிரி கறுப்புப் புள்ளி நகர்ந்தால் அது உண்ணி. கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டது என்று எழுதி வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். அப்புறம் மகனிடம் இதையும் சொல்லுங்கள்: செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலையில் 2020-ல் முட்டையிட்ட பால் பைத்தானுக்கு வயது குறைந்தது 62. அது அபூர்வம்தான், ஆனால் 20, 30 வருடம் சாதாரணம். பையன் கல்லூரிக்குப் போனபின் எலி சூடாக்கப்போவது நீங்கள்.

கேள்வி: '66% ஹெட் கிளவுன்' என்று எழுதி, சாதாரண நிறப் பாம்புக்கு ஐம்பது டாலர் கூடக் கேட்கிறார்கள். அந்த 66 என்ன கணக்கு?

பதில்: ஹெட் என்றால் மரபணு உள்ளே இருக்கிறது, வெளியே தெரியாது. இரண்டு ஹெட் சேர்ந்தால் நாலில் ஒரு குட்டி கிளவுன் நிறத்தில் வரும், மீதி மூன்றும் பார்க்கச் சாதாரணம். அந்த மூன்றில் இரண்டு ஹெட், எது எது என்று கண்ணால் சொல்ல முடியாது, ஆகவே மூன்றுக்கும் 66 என்று சீட்டு ஒட்டுகிறார்கள். ஒரு ஹெட்டும் ஒரு சாதாரணப் பாம்பும் சேர்ந்தால் 50. ஆக நீங்கள் கொடுப்பது லாட்டரிச் சீட்டு விலை. அமெரிக்காவில் பாம்பு உரித்த சட்டையைத் தபாலில் அனுப்பினால் பல மரபணுக்களைச் சோதித்துச் சொல்லும் ஆய்வகங்கள் வந்துவிட்டன, விற்பவர் அந்தச் சோதனையைச் செய்யாமல் இன்னும் 66 என்றே எழுதினால் ஏன் என்று கேட்கலாம். வீட்டில் வளர்க்க மட்டும் வாங்குகிறீர்கள் என்றால் அந்த ஐம்பது டாலருக்கு நல்ல தெர்மோஸ்டாட் வாங்குங்கள்.

கேள்வி: ஸ்கார்பரோவிலிருந்து எழுதுகிறேன். 'ஜங்கிள் கார்ன்' என்று ஒரு கலப்பினப் பாம்பு விற்பனைக்கு வந்திருக்கிறது. இரண்டு இனத்தைக் கலப்பது பாவம் என்கிறான் நண்பன். நாய்களைக் கலக்கவில்லையா என்கிறேன் நான். யார் சரி?

பதில்: உங்கள் உதாரணம் சரியில்லை, லாப்ரடாரும் பூடிலும் ஒரே இனம். ஜங்கிள் கார்ன் என்பது கார்ன் ஸ்னேக்கும் கலிபோர்னியா கிங் ஸ்னேக்கும் சேர்ந்தது (ராஜநாகம் இல்லை, இது விஷமில்லாத வேறு பாம்பு). இரண்டும் வேறு வேறு பேரினம். கிங் ஸ்னேக் மற்ற பாம்புகளைத் தின்னும், அதனால் இணைசேர்க்கும்போது மாப்பிள்ளையோ பெண்ணோ இரையாகிவிடாமல் பக்கத்திலேயே நிற்க வேண்டியிருக்கும். இப்படிப் பிறந்த குட்டிகள் மலடாக இருக்கும் என்று நினைப்போம், அதுவும் இல்லை, நன்றாகவே முட்டையிட்டுப் பெருகுகின்றன. பாம்புக்கு வலிக்கிறதா என்ற கேள்வியில் நண்பன் தோற்றுவிடுவான். தலை சுற்றும் ஸ்பைடரைவிட ஜங்கிள் கார்ன் நிம்மதியாக வாழும்.

ஆனால் அது முட்டை போடும் என்பதில்தான் பிரச்சினையே. முதல் தலைமுறையைப் பார்த்தாலே கலப்பு என்று தெரியும். அதைத் திரும்பக் கார்ன் ஸ்னேக்கோடு சேர்த்து, அந்தக் குட்டியை மறுபடி கார்னோடு சேர்த்தால், மூன்றாவது கைமாற்றத்தில் யாரோ ஒருவர் 'கார்ன் ஸ்னேக்' என்று மட்டும் எழுதி விற்பார். ஏமாற்ற வேண்டும் என்றுகூட இல்லை, அவருக்கே தெரிந்திருக்காது. ஏற்கெனவே இப்படி நடந்திருக்கிறது: கிரீம்சிகிள், ரூட்பீர் என்று விற்கும் கார்ன் ஸ்னேக்குகளில் எமொரி எலிப்பாம்பு என்ற வேறு இனத்தின் ரத்தம் இருக்கிறது, செதிலே இல்லாத கார்ன் ஸ்னேக் வம்சமும் அந்தக் கலப்பிலிருந்து வந்ததுதான். கார்ன் ஸ்னேக் காட்டில் ஏராளம், ஆகவே இதில் பெரிய நஷ்டமில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஹோண்டுராஸின் கயோஸ் கொச்சினோஸ் தீவுகளில் மட்டும் உள்ள ஹாக் ஐலண்ட் போவா என்ற பாம்புக்கு அப்படிச் சொல்ல முடியாது. செல்லப்பிராணி வியாபாரத்துக்காகவே அதைத் தீவிலிருந்து அள்ளிக்கொண்டு போனார்கள், இன்று கூண்டில் இருக்கும் சுத்தமான வம்சத்துக்கு மதிப்பு அதனால்தான், அதில் போய் நிறத்துக்காக வேறு போவாவைக் கலந்து 'ஹாக்' என்றே விற்பவரை என்னால் மன்னிக்க முடியாது.

கூண்டுக்கு வெளியேயும் கலப்பு வந்து நிற்கிறது. ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸில் பரவிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளில் சுமார் 400-ஐ மரபணுச் சோதனை செய்தபோது, 13-ல் நம் ஊர் இந்திய மலைப்பாம்பின் தடயம் இருந்தது. 2018-ல் வெளியான ஆய்வு அது. காட்டில் பரவுவதற்கு முன்பே கலந்திருக்க வேண்டும் என்கிறார்கள். எது எதோடு கலந்தது என்று அப்போது யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆக, ஜங்கிள் கார்ன் வாங்கலாம். மூன்று நிபந்தனை: ரசீதில் இரண்டு இனத்தின் பெயரும் இருக்க வேண்டும், நீங்கள் இணைசேர்க்கக் கூடாது, கைமாற்றும்போது அந்த ரசீதும் கூடப் போக வேண்டும். இதெல்லாம் தொல்லை என்றால் சாதாரணக் கார்ன் ஸ்னேக்கே போதும், தொடக்கக்காரருக்கு அதைவிடச் சாது கிடையாது.

கேள்வி: சென்னையில் இன்ஸ்டாகிராம் வழியாக பால் பைத்தான் தருகிறேன் என்கிறார் ஒருவர். பேப்பர் எல்லாம் பிறகு வரும் என்கிறார்.

பதில்: பேப்பர் முதலில், பாம்பு பிறகு. பால் பைத்தான் சைட்டிஸ் (வனவிலங்கு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பின் அப்படிப்பட்ட வெளிநாட்டு இனங்களை வைத்திருப்பதையும் கைமாற்றுவதையும் பதிவு செய்ய வேண்டும், 2024 விதிகளின்படி அது மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் நடக்கும். பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டியில் துணிப்பைக்குள் பால் பைத்தான் குட்டிகளைச் சென்னை சுங்கத்துறை பிடித்த செய்தி அடிக்கடி வருகிறதே, ரசீது இல்லாத பாம்பு எந்த வழியாக வந்திருக்கும் என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டாம். சாரை, மண்ணுளி, நம் மலைப்பாம்பு எதையும் வீட்டில் வைக்கவே கூடாது, அதற்குப் பேப்பரே கிடையாது.

சிங்கப்பூரிலிருந்தும் இதே கேள்வி வந்திருந்தது. அங்கே வீட்டில் பாம்பு வளர்ப்பதற்கே அனுமதியில்லை, ஆகவே மார்ஃப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை.