அனுபவம் இல்லை என்று அஞ்சும் மகளுக்கு: ஆங்கில நேர்காணலில் வாழ்க்கையைச் சொல்லும் முறை

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, சிங்கப்பூரில் ஹோட்டல் நிர்வாகப் பட்டயப் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கும் தங்கள் மகள், எழுத்துத் தேர்வுகளில் நல்ல மதிப்பெண் வாங்கியும், ஐஎல்ட்ஸ் என்ற ஆங்கிலத் தகுதித் தேர்வின் பேச்சுப் பகுதியையும் கல்லூரியின் நேர்காணலையும் நினைத்துக் கலங்குகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மியன்மாரின் பெகு நகரில் கடை, வீடு, கோயில் என்று வளர்ந்த பெண்ணிடம் அனுபவத்தைக் கேட்டால் அவள் எதைச் சொல்வாள் என்பது தங்கள் கவலை. என் கருத்தில், அவரிடம் சொல்லத்தக்க அனுபவம் போதுமான அளவு இருக்கிறது. அதை ஆங்கிலத்தில் எந்த வினைவடிவத்தில் தொடங்கி எந்த வடிவத்தில் தொடர்வது என்ற பழக்கம்தான் குறைவு. அந்தப் பழக்கத்துக்கு வேண்டிய மூலப்பொருள் அவர் பேசும் தமிழிலும் பர்மிய மொழியிலும் ஏற்கெனவே உள்ளது. அதனால் இந்தக் கடிதத்தைத் தாங்கள் படித்த பின் அவரிடமும் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வாழ்க்கையில் ஒன்றைச் செய்திருக்கிறோமா, பார்த்திருக்கிறோமா, கற்றிருக்கிறோமா என்று பொதுவாகச் சொல்லும்போது ஆங்கிலத்தில் பிரசன்ட் பெர்ஃபெக்ட் என்ற வடிவம் வருகிறது. ‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்’ என்பதோடு வினையின் மூன்றாம் வடிவம் சேரும். ‘ஐ ஹேவ் சீன் இன்லே லேக்’ என்றால், இன்லே ஏரியைப் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு என்று பொருள். எப்போது பார்த்தேன் என்பது அந்த வாக்கியத்துக்கு வேண்டாத செய்தி. தமிழ்நாட்டிலிருந்து வரும் விருந்தாளியிடம் மொஹிங்கா (மீன் குழம்போடு உண்ணும் அரிசி நூடுல்ஸ்) சாப்பிட்டிருக்கிறாரா என்று பர்மிய மொழியில் கேட்பதாக இருந்தால், தங்கள் மகள் ‘மொஹிங்கா சா பூ லா’ என்றுதான் கேட்பார். அந்தப் ‘பூ’ என்ற ஒட்டு, ஒரு செயல் வாழ்நாளில் ஒருமுறையேனும் நடந்ததா என்பதை மட்டும் கேட்கிறது; நாளையோ வேளையையோ கேட்பதில்லை. சாப்பிட்டதே இல்லை என்பதற்கு ‘ம சா பூ பூ’; அதில் இரண்டாவது ‘பூ’ மறுப்பைக் குறிப்பது. ஆங்கிலத்தில் அவற்றின் இடத்தில் வருபவை ‘ஹேவ் யூ எவர் ஈட்டன் மொஹிங்கா?’, ‘ஐ ஹேவ் நெவர் ஈட்டன் இட்’ ஆகிய இரண்டும். எனவே யாங்கூனிலோ பெகுவிலோ மோல்மேனிலோ வளர்ந்த ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு இந்த வடிவத்தின் பொருளை விளக்க நெடிய இலக்கணப் பாடம் தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம். பர்மிய வாக்கியத்தில் அனுபவத்தைக் குறிக்கும் அந்தப் ‘பூ’ வரும் என்று மனத்தில் பட்டால், ஆங்கிலத்தில் பெரும்பாலும் ‘ஹேவ்’ வரும்.

தமிழைத் துணைக்கு அழைக்கும்போது மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். ‘மாண்டலே போயிருக்கிறேன்’ என்ற தமிழ் வாக்கியம் ஆங்கில வடிவத்தோடு அப்படியே பொருந்துகிறது. ஆனால் தமிழில் ‘2022-இல் மாண்டலே போயிருக்கிறேன்’ என்றும் தடையின்றிச் சொல்லலாம். ஆங்கிலம் அதை ஏற்காது. முடிந்துபோன ஒரு காலத்தைக் குறித்துவிட்டால் (‘இன் 2022’, ‘லாஸ்ட் இயர்’, ‘யெஸ்டர்டே’, ‘வென் ஐ வாஸ் எ சைல்ட்’) வினை சாதாரண இறந்தகாலத்துக்கு மாறியே ஆக வேண்டும்: ‘ஐ வென்ட் டு மாண்டலே இன் 2022’. நன்றாகப் படித்த பிள்ளைகளும் ‘ஐ ஹேவ் கான் டு மாண்டலே இன் 2022’ என்று சொல்வதைக் கேட்கிறேன். அதில் இன்னொரு பிழையும் சேர்ந்திருக்கிறது. ‘கான்’ என்றால் போனவர் இன்னும் திரும்பவில்லை என்றாகிவிடும். போய் வந்த அனுபவத்துக்கு ‘பீன் டு’ என்பதே சரி. எதிரே உட்கார்ந்து பேசுகிறவர் ‘ஐ ஹேவ் கான்’ என்றால் கேட்பவருக்குப் பொருள் புரிந்துவிடும், ஆனால் இலக்கணத்துக்குரிய மதிப்பெண் குறையும்.

இனி, அனுபவமே இல்லை என்ற அச்சத்துக்கு வருகிறேன். தங்கள் மகள் விடுமுறைகளில் தங்கள் பலசரக்குக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார், கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சிறு பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுத்து வருகிறார் என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். ஹோட்டல் நிர்வாகப் படிப்புக்கான நேர்காணலில் கேட்க விரும்புவது இத்தகையவற்றைத்தான்: மனிதரோடு பழகியது, கோபப்பட்டவரைச் சமாளித்தது, பொறுப்பேற்று ஒன்றை முடித்தது. ‘ஹேவ் யூ எவர் டெல்ட் வித் அன் ஆங்க்ரி கஸ்டமர்?’ என்று கேட்டால், பலர் ‘யெஸ்’ என்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள், அல்லது முதல் வாக்கியத்தில் தொடங்கிய ‘ஹேவ்’ வடிவத்தை விடாமல் கடைசிவரை இழுத்துச் செல்கிறார்கள். இரண்டுமே பதிலைக் கெடுக்கும். நல்ல பதில் ஏறத்தாழ இப்படி அமையும்:

‘யெஸ், ஐ ஹேவ். ஐ ஹேவ் ஹெல்ப்ட் இன் மை ஃபாதர்ஸ் ஷாப் சின்ஸ் ஐ வாஸ் ஃபிஃப்டீன். லாஸ்ட் இயர், ஜஸ்ட் பிஃபோர் த திஞ்ஞான் வாட்டர் ஃபெஸ்டிவல், எ கஸ்டமர் ப்ராட் பேக் எ டாம்ப் பேக் ஆஃப் ரைஸ். ஹி வாஸ் வெரி ஆங்க்ரி. ஐ லிசன்ட் டு ஹிம், ஐ அப்பாலஜைஸ்ட், அண்ட் வி கேவ் ஹிம் எ நியூ பேக்.’

முதல் இரு வாக்கியங்கள் ‘ஹேவ்’ வடிவத்தில் நிற்கின்றன. அனுபவம் உண்டு என்பதும், அது இன்றுவரை தொடர்கிறது என்பதும் அவற்றில் உறுதியாகின்றன. ‘லாஸ்ட் இயர்’ என்ற சொல் வந்தவுடன் கதை முழுவதும் இறந்தகாலத்துக்குப் போய்விடுகிறது. இந்த ஒரு திருப்பத்தைப் பழகிக்கொண்டால் எந்த அனுபவக் கேள்விக்கும் பதில் சொல்லலாம். ‘சின்ஸ்’ என்பதன் பின்னே ‘ஐ வாஸ் ஃபிஃப்டீன்’ என்று இறந்தகாலம் வந்திருப்பதையும் அவர் கவனிக்கட்டும். தொடங்கிய நாள் முடிந்துபோனது, தொடங்கிய வேலை முடியவில்லை.

தொடர்ந்து நடப்பவற்றைச் சொல்லும் இடத்தில் தமிழ் நம்மை வேறு வகையில் வழுக்கிவிடுகிறது. ‘2023-இலிருந்து தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன்’ என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்வதால், பிள்ளைகள் ‘ஐ ஆம் டீச்சிங் தமிழ் சின்ஸ் 2023’ என்கிறார்கள். ஆங்கிலத்தில் அது ‘ஐ ஹேவ் பீன் டீச்சிங் தமிழ் சின்ஸ் 2023’ என்றே வர வேண்டும். தமிழ் வாக்கியத்தைச் ‘சொல்லிக் கொடுத்து வருகிறேன்’ என்று மாற்றிப் பார்த்து, எப்போதிலிருந்து அல்லது எவ்வளவு காலமாக என்ற செய்தியும் அதில் இருந்தால், ஆங்கிலத்தில் ‘ஹேவ் பீன்’ போட்டுக்கொள்ளலாம். தொடங்கிய காலத்துக்குச் ‘சின்ஸ்’, கால அளவுக்கு ‘ஃபார்’ என்ற வேறுபாட்டைப் பள்ளியிலேயே படித்திருப்பார். அதை நான் விரிக்கவில்லை.

வெளிநாட்டு நேர்காணலில் நம் பிள்ளைகளின் பெயரையும் கடவுச்சீட்டையும் பார்த்தவுடன் எழும் கேள்வி ஒன்று உண்டு: நீங்கள் எந்த ஊர், உங்கள் குடும்பம் எப்படி மியன்மாரில்? இந்தக் கேள்விக்குப் பலர் தடுமாறுவதால், இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ‘மை ஃபேமிலி ஹேஸ் லிவ்ட் இன் மியன்மார் ஃபார் ஃபோர் ஜெனரேஷன்ஸ்’ என்றால், நான்கு தலைமுறையாக இங்கே வாழ்கிறோம், இன்றும் வாழ்கிறோம் என்று பொருள். ‘ஹேஸ்’ என்ற ஒரே சொல்லை விட்டுவிட்டு ‘மை ஃபேமிலி லிவ்ட் இன் மியன்மார்’ என்று சொன்னால், வாழ்ந்து முடித்து வெளியேறிவிட்டோம் என்று கேட்பவர் புரிந்துகொள்வார். 1962-இல் ராணுவ ஆட்சி வந்து, அடுத்த ஆண்டுகளில் கடைகளும் வணிகங்களும் நாட்டுடைமையானபோது கப்பலேறிப் போன நம் உறவினர்கள் இருக்கிறார்களே, சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தின் அருகே பர்மா பஜாரில் கடை போட்டவர்களும், தமிழகத்தின் பல ஊர்களில் பர்மா காலனிகளில் குடியேறியவர்களும், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் சொல்ல வேண்டிய வாக்கியம் அந்த ‘லிவ்ட்’. இங்கேயே தங்கிவிட்டவர்களின் பிள்ளையான தங்கள் மகள் சொல்ல வேண்டியது ‘ஹேஸ் லிவ்ட்’. ஒரே குடும்பத்தின் இரண்டு கிளைகளுக்கு இரண்டு வாக்கியங்கள், இரண்டும் உண்மை. தான் யார் என்பதைச் சொல்லும் இந்த வாக்கியத்தை அவர் தயங்காமல் சொல்ல வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

குடும்பத்து மூத்தவர்களைப் பற்றிப் பேசும்போதும் இதே கவனம் தேவை. ஐஎல்ட்ஸ் பேச்சுத் தேர்வின் இரண்டாம் பகுதியில் ஓர் அட்டையில் தலைப்பு கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்க விட்டு, இரண்டு நிமிடம் வரை தொடர்ந்து பேசச் சொல்வார்கள். தங்கள் வாழ்வில் முக்கியமான ஒருவரைப் பற்றிப் பேசு என்பது போன்ற தலைப்பு வந்தால், பிள்ளைகள் பெரும்பாலும் தாத்தாவையோ பாட்டியையோ எடுத்துக்கொள்கிறார்கள். காலமான தாத்தாவைப் பற்றி ‘ஹி ஹேஸ் டாட் மீ மெனி திங்ஸ்’ என்று தொடங்கினால், கேட்பவர் அவர் உயிரோடு இருப்பதாகவே நினைத்துக்கொண்டு தொடர்வார். பின்னர் மறைவைச் சொல்லும்போது பேச்சு சிக்கலாகும். மறைந்தவரின் செயல்களுக்கு ‘டாட்’, ‘ஒர்க்ட்’, ‘கேம்’ என்ற இறந்தகாலமே பொருந்தும். அவரிடம் கற்றது இன்றும் தன்னிடம் இருப்பதைச் சொல்லும்போது மட்டும் ‘ஐ ஹேவ் நெவர் ஃபர்காட்டன் ஹிஸ் அட்வைஸ்’ என்று தன்னை எழுவாயாக வைத்துச் சொல்லலாம்.

உச்சரிப்பைப் பற்றி ஒரு செய்தி. இது பலர் கண்ணில் படாமல் போகிறது. பர்மிய மொழியில் அசைகளின் இறுதியில் ஆங்கிலத்தில் வருவதுபோல் ‘ட்’, ‘வ்’, ‘ஸ்’ போன்ற மெய்கள் ஒலிப்பதில்லை. மூக்கொலியோ தொண்டையில் சட்டென நிற்கும் ஒலியோதான் வரும். பள்ளியிலும் கடைத்தெருவிலும் பர்மிய மொழியே பேசி வளர்ந்த பிள்ளைகள், ‘ஐவ் விசிட்டட்’ என்று மனத்தில் சரியாக நினைத்தாலும், வாய் ‘ஐ விசிட்’ என்றே சொல்லிவிடுகிறது. இலக்கணம் தெரிந்தும் தெரியாதவர்போல் ஆகிவிடும் இடம் இது. ஆகவே சுருக்கிச் சொல்லும் ‘ஐவ்’ என்பதைத் தற்போதைக்கு விட்டுவிட்டு, ‘ஐ ஹேவ்’ என்று முழுமையாகச் சொல்லப் பழகட்டும். வினையின் கடைசி ஒலி காதில் விழுகிறதா என்பதைத் தன் குரலைக் கைப்பேசியில் பதிந்து கேட்டுப் பார்க்கட்டும். பேச்சுத் தேர்வில் சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்குக்கும் சமமான மதிப்பு என்பதால், இந்த ஒரு திருத்தம் இரண்டு இடங்களில் பயன் தரும்.

அமெரிக்க வழக்கில் ‘ஜஸ்ட்’, ‘ஆல்ரெடி’ போன்ற சொற்களோடு சாதாரண இறந்தகாலத்தையும் பயன்படுத்துவார்கள். திரைப்படங்களில் அதைக் கேட்டு அவர் குழம்ப வேண்டாம். இந்தத் தேர்வில் இரு வழக்கும் ஏற்கப்படும்.

மூன்றாம் வடிவங்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்யச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ‘சீன்’, ‘ஈட்டன்’, ‘டாட்’, ‘ஸ்போக்கன்’, ‘ரிட்டன்’, ‘சோல்ட்’, ‘பீன்’ என்று தன் வாழ்க்கைக்கு வேண்டிய வினைகளை முதலில் எடுத்து, ஒவ்வொன்றிலும் தன்னைப் பற்றிய ஓர் உண்மையான வாக்கியத்தை எழுதி, அதன் கீழே அது நடந்த ஒரு நாளை இறந்தகாலத்தில் விவரிக்கட்டும். இரவு உணவின்போது தாங்களோ அவருடைய தாயாரோ ஒரு கேள்வியைத் தமிழிலோ பர்மிய மொழியிலோ கேளுங்கள். அவர் ஆங்கிலத்தில் பதில் சொல்லட்டும். தங்களுக்கு ஆங்கிலம் வராது என்று எழுதியிருக்கிறீர்கள். அது இதற்குத் தடையில்லை. பதிலில் முதலில் ‘ஹேவ்’ கேட்கிறதா, நாளையோ ஆண்டையோ சொன்ன பிறகும் ‘ஹேவ்’ தொடர்கிறதா என்பதை மட்டும் கவனித்துச் சொன்னால் போதும்.

யாரோ எழுதிக் கொடுத்த பதிலை ஒப்புவிக்க மட்டும் விடாதீர்கள். மனப்பாடப் பதிலைத் தேர்வாளர்கள் எளிதில் அடையாளம் காண்பார்கள், அதன் பிறகு அவர் சொல்லும் உண்மையான அனுபவத்துக்கும் மதிப்புக் குறைந்துவிடும். செய்யாத வேலையைச் செய்ததாகச் சொன்னால், அடுத்து வரும் ‘வென் வாஸ் தட்?’, ‘வாட் டிட் யூ டூ?’ என்ற கேள்விகளில் சிக்கிக்கொள்வார்.

யாங்கூனில் உள்ள பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டுவதற்கு முன் மகளோடு நேரில் போய், ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்றும், ஒவ்வொருவரும் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு நேரம் வாய் திறந்து பேசுகிறார்கள் என்றும் கேளுங்கள். ஆசிரியர் மட்டும் பேசும் வகுப்பாக இருந்தால் அந்தப் பணத்தைத் தேர்வுக் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஐஎல்ட்ஸ் மதிப்பெண் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும் என்பதால், கல்லூரியின் சேர்க்கைத் தேதியை உறுதி செய்துகொண்டு, அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர் தேர்வுக்குப் பதிவு செய்யுங்கள். அதற்கு முன் ஒருநாள் அவர் ஒரே தலைப்பில் இரண்டு நிமிடம் பேசியதைப் பதிந்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். கேட்டுவிட்டு, தேர்வுக்குப் பதிவு செய்யலாமா, சற்றுத் தள்ளி வைக்கலாமா என்று எழுதுகிறேன்.