போஸ்டரின் அடிவரியைப் படியுங்கள்

கேள்வி: நான் கோவைக்காரன். லீட்ஸில் எம்.எஸ்ஸி. படிக்க வந்து ஒன்பது மாதமாகிறது. பகுதிநேர வேலையில் கூட இருந்த நண்பன் ஒருநாள் ஒரு பப்பின் பின்னறைக்கு அழைத்துப் போனான். அறுபது பேர்கூட இருந்திருக்க மாட்டார்கள். மூன்று இண்டி குழுக்கள் (பெரிய கம்பெனிகளைச் சாராமல் சொந்தமாக இயங்குகிறவர்கள்) வாசித்தன. ஒன்றின் பெயரும் நான் கேள்விப்பட்டதில்லை. அன்றிலிருந்து பித்துப் பிடித்த மாதிரி இருக்கிறது. ஆனால் ஸ்பாட்டிஃபையைத் திறந்தால் ஒயாசிஸும் ஆர்க்டிக் மங்கீஸும்தான் வருகிறார்கள். நல்ல கச்சேரி நடந்த விஷயம் மறுநாள்தான் காதுக்கு வருகிறது. நண்பனும் வேறு ஊருக்குப் போய்விட்டான். இங்கே உள்ளவர்கள் இதையெல்லாம் எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்? தனியாகப் போகவும் கூச்சம். செலவையும் பார்க்க வேண்டியிருக்கிறது.
— ஒரு லீட்ஸ் வாசகர்

பதில்: தம்பி, அந்தப் பின்னறைக் கதவில் ஒரு போஸ்டர் ஒட்டியிருந்திருக்கும். பெரிய எழுத்தில் ஒரு பெயர், கீழே சின்ன எழுத்தில் இரண்டு பெயர்கள், அடியில் கண்ணைச் சுருக்கினால்தான் தெரிகிற அளவில் 'இன்னார் வழங்கும்' என்று ஒரு வரி. உங்கள் நண்பன் சொல்லாமல் போன ரகசியம் அந்த அடிவரிதான்.

அந்த 'இன்னார்' ஒரு புரமோட்டர். பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு, கைக்காசைப் போட்டு, மாதம் ஒன்றிரண்டு கச்சேரி வைக்கிற ஆசாமியாக இருப்பார். (இங்கே இதற்கு 'கிக்' என்று பெயர். தமிழில் எழுதினால் வேறு அர்த்தம் வருவதால் கச்சேரி என்றே வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே அறையில் கிடைக்கும் என்பது வேறு விஷயம்.) யாருக்கும் தெரியாத குழுக்களைத் தேடி அலைவது அவர் வேலை. நீங்கள் அலைய வேண்டாம், அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். லண்டனில் 'அப்செட் த ரிதம்' என்ற பெயரில் 2003-லிருந்து கச்சேரி நடத்துகிறவர்கள், பிறகு அதே பெயரில் ரெக்கார்டும் வெளியிட ஆரம்பித்தார்கள். இப்படி ஓர் ஆளின் ரசனை உங்கள் ரசனையோடு ஒத்துப்போனால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது இடம். லீட்ஸ் இதற்கு வாய்ப்பான ஊர். ஹைட் பார்க் பக்கம் புருடெனெல் சோஷியல் கிளப் இருக்கிறது. 1913-இல் தொழிலாளர் மன்றமாகத் தொடங்கிய இடம். அந்த மன்றத்து வாசனை இன்னும் போகவில்லை. கொஞ்சம் தள்ளி ஹைட் பார்க் புக் கிளப். ஊருக்குள் வார்ஃப் சேம்பர்ஸ். அதைக் கூட்டுறவாக, அங்கே வேலை செய்பவர்களே நடத்துகிறார்கள். ஒவ்வோர் ஊரிலும் இப்படி ஒன்று உண்டு. கார்டிஃபில் க்ளுப் இவோர் பாக், கிளாஸ்கோவில் கிங் டட்ஸ், தெற்கு லண்டனில் பிரிக்ஸ்டன் விண்ட்மில். விண்ட்மில்லைப் பார்த்தால் சாதாரண பப்தான். ஆனால் பிளாக் மிடி, கோட் கேர்ள் எல்லாம் அங்கே வாசித்து வளர்ந்தவர்கள்.

இனி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையை ஒதுக்குங்கள். புருடெனெலின் அடுத்த இரண்டு மாதப் பட்டியலை எடுத்து, தலைப்பில் இருக்கும் பெயர்களை விட்டுவிடுங்கள். துணைக்கு வாசிக்கிறவர்களை மட்டும் ஒவ்வொருவராக பேண்ட்கேம்ப்பில் (குழுக்களே தங்கள் பாட்டைப் போட்டு விற்கும் இணையதளம்) தேடி, ஒரு பாட்டு, இரண்டே நிமிடம் கேளுங்கள். பத்தில் எட்டு பிடிக்காது. பிடிக்காததற்காக வருத்தப்படாதீர்கள், எனக்கும் அப்படித்தான். மீதி இரண்டுக்கு டிக்கெட் எடுங்கள். இந்த அளவுக் கச்சேரிக்குப் பெரிய அரங்குகளைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

பேண்ட்கேம்ப்பில் ஒரு வழி உண்டு, அதிகம் பேர் கவனிப்பதில்லை. பிடித்த ஆல்பத்தின் பக்கத்தில் அட்டைப்படத்துக்குக் கீழே சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக இருக்கும். அந்த ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் அவர்கள். ஒரு படத்தைத் தட்டினால் அந்த ஆள் இதுவரை வாங்கியது எல்லாம் விரியும். முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு அலமாரி முன்னால் நிற்பது போலத்தான். உங்களுக்குப் பிடித்த இரண்டு ஆல்பங்கள் ஒரே அலமாரியில் இருந்தால், அங்கே இருக்கிற மூன்றாவதைத் தாராளமாக நம்பலாம். எந்த அல்காரிதமும் எனக்கு இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

அங்கேயே லேபிள்களையும், அதாவது ரெக்கார்டு வெளியிடும் கம்பெனிகளையும், ஃபாலோ செய்யுங்கள். புதிதாக எது வந்தாலும் மின்னஞ்சல் வந்துவிடும். 2024-இல் மெர்குரி பரிசு (ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கு இங்கே தருவது) வாங்கிய இங்கிலீஷ் டீச்சர் உங்கள் லீட்ஸ் குழுதான். பரிசு வாங்கிய ஆல்பம் ஐலண்ட் என்ற பெரிய கம்பெனியில் வந்தது. ஆனால் 2022-இல் அவர்களுடைய ஈ.பி.யை (நாலைந்து பாட்டு உள்ள குட்டி ஆல்பம்) வெளியிட்டது நைஸ் ஸ்வான் என்ற சின்ன லேபிள். அந்த லேபிளைக் கவனித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இரண்டு வருஷம் முன்னாலேயே விஷயம் தெரியும். தயாரிப்பாளர் டான் கேரியின் ஸ்பீடி வுண்டர்கிரவுண்ட் இன்னொன்று. ஒரு பாட்டை ஒரே நாளில் பதிவு செய்வது என்று விதி வைத்துக்கொண்டு சிங்கிள், அதாவது தனிப்பாட்டு, போட்டவர்கள். பிளாக் மிடி, ஸ்க்விட், பிளாக் கண்ட்ரி நியூ ரோட் என்று பிறகு பேரெடுத்த பலரின் ஆரம்பகால சிங்கிள்கள் அங்கேதான் வந்தன.

ரேடியோவையும் விட்டுவிடாதீர்கள். ஜான் பீல் 2004-இல் இறக்கும்வரை முப்பத்தேழு வருஷம் பிபிசி ரேடியோ 1-இல் யாருக்கும் தெரியாத குழுக்களைப் போட்டுக்கொண்டே இருந்தார். அந்த வழியில் வந்தவர்கள் இப்போது பிபிசியின் இன்னொரு வானொலியான 6 மியூசிக்கில் இருக்கிறார்கள். மார்க் ரைலி, ஒரு காலத்தில் த ஃபால் குழுவில் வாசித்தவர், அவர்களில் ஒருவர். பாத்திரம் கழுவும்போது ஓடவிடுங்கள், கை நின்றால் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். புதியவர்களுக்கென்றே இருக்கும் பிபிசி இன்ட்ரொட்யூசிங்கில் லேபிள் கிடைக்காதவர்களும் தங்கள் பாட்டைத் தாங்களே ஏற்றி அனுப்பலாம் என்பதால், அங்கே சரக்கு இன்னும் பச்சையாக இருக்கும்.

காசு விஷயம். ஆல்பங்கள் வெள்ளிக்கிழமை வெளியாவது 2015-லிருந்து வழக்கம். சில மாதங்களில் முதல் வெள்ளியன்று பேண்ட்கேம்ப் தன் பங்கை விட்டுக்கொடுக்கிறது; கொரோனா வந்த 2020-இல் தொடங்கிய பழக்கம். வாங்குவதை அந்த நாளுக்குத் தள்ளி வைத்தால், நீங்கள் கொடுப்பதில் அதிகம் குழுவுக்கே போகும். கச்சேரியில் வினைல் இசைத்தட்டு வாங்க முடியவில்லையே என்று கூச்சப்படாதீர்கள். குழு தன் பொருட்களை விற்கிற மேசையில் பேட்ஜும் இருக்கும். அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் சற்று முன் டிரம்ஸ் வாசித்தவர். "வேறு யாரைக் கேட்கலாம்?" என்று அவரிடம் கேளுங்கள். மூன்று பெயராவது சொல்வார், ஒன்று அவருடைய நண்பரின் குழுவாக இருக்கும், பரவாயில்லை.

தனியாகப் போவது பற்றி: ஒலி அமைப்பவரின் மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். அறையில் சத்தம் சரியாகக் கேட்கிற இடம் அதுதான், தனியாக வந்தவர்கள் நிற்கிற இடமும் அதுதான். யாரும் உங்களைப் பார்க்கப்போவதில்லை. முப்பது வயது தாண்டிய நிறையப் பேர் தனியாகத்தான் வருவார்கள். ஒரு ஆரஞ்சு ஜூஸோடு இரவு முழுக்க நிற்கலாம். இயர் பிளக் மட்டும் மறக்காதீர்கள்.

கதவு ஏழரைக்குத் திறக்கிறது என்றால் எட்டுக்குள் உள்ளே இருங்கள். எந்தக் குழு எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதி பார் பக்கம் ஒட்டியிருப்பார்கள். நான் ஒருமுறை மழைக்கு ஒதுங்கி, ஒன்பதுக்கு நிதானமாகப் போய்ச் சேர்ந்தேன். முதல் குழு முடித்து, நனைந்த தெருவில் வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆறு மாதம் கழித்து அதே குழுவுக்கு டிக்கெட் கிடைக்காமல் வெளியே நின்றேன். அன்று அவர்களுடைய ஆம்ப்ளிஃபயருக்கு வழிவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதோடு சரி.