அந்த எண் யாருடைய தாளில் இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர விளையாட்டுக்கு 1981-இல் வந்த எக்ஸ்பர்ட் விதிகளுக்கான சாகசம் ஒன்றை அதன் ஐந்தாம் பதிப்புக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். விஷம், வாண்ட் (மந்திரக்கோல்), கல்லாதல், டிராகன் மூச்சு, ஸ்பெல் (மந்திரம்) என்று பழைய சேவிங் த்ரோ, அதாவது ஆபத்திலிருந்து தப்பிக்க டைஸ் வீசுவது, ஐந்து. புதியதில் கதாபாத்திரத்தின் ஆறு திறன்களுக்கு ஆறு. விஷத்துக்கு கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி), மூச்சுக்கு டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) என்று வைத்துவிட்டேன். வாண்டுக்கு எது? ஸ்பெல்லுக்கு விஸ்டமா, சாரிஸ்மாவா? பழைய அட்டவணையில் எனக்கு எந்த லாஜிக்கும் தெரியவில்லை. மந்திரம் போடுகிறவன் யாராக இருந்தாலும் ஒரே எண். எதிரி பலசாலி என்றால் தப்பிப்பது கடினமாகத்தானே ஆகவேண்டும்?

எம்.

அன்புள்ள எம்.,

வாண்டுக்கு டெக்ஸ்டெரிட்டி. ஸ்பெல்லுக்கு, புதிய புத்தகத்தில் அந்தந்த ஸ்பெல்லுக்கு நேராக என்ன போட்டிருக்கிறதோ அது. இதையெல்லாம் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். உங்கள் கடைசி மூன்று வரிகளுக்காகத்தான் பதில் எழுதுகிறேன். கொஞ்ச நாளாக என் மனதிலும் இதுவேதான் ஓடுகிறது.

லாஜிக் இல்லை என்று எழுதுவதற்கு முன் அந்த அட்டவணையை மேலிருந்து கீழே ஒருமுறை வாசித்தீர்களா? வாசித்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டீர்கள். முதல் லெவல் ஃபைட்டருக்கு (போர்வீரன்) ஸ்பெல்லிலிருந்து தப்பிக்க இருபது முக டைஸில் 16 அல்லது அதற்கு மேல் விழவேண்டும். அதாவது 25 சதவீதம். அவனே பதினான்காவது லெவலுக்கு வந்தால் 8 போதும், 65 சதவீதம். எதிரே நிற்பவன் கற்றுக்குட்டியா, மகாமந்திரவாதியா என்று அட்டவணை கேட்பதே இல்லை. இவன் எத்தனை குகை பார்த்தவன் என்று மட்டும்தான் கேட்கிறது.

இப்போது உங்கள் ஐந்தாம் பதிப்பு, 2014 புத்தகத்தின்படி. விஸ்டம் 10 உள்ள ஃபைட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லெவலோடு வளரும் தேர்ச்சி போனஸ் அவனுக்கு ஸ்ட்ரென்த், கான்ஸ்டிட்யூஷன் சேவ்களில் மட்டும். முதல் லெவலில் இன்டெலிஜென்ஸ் 16 உள்ள விசார்ட் (மந்திரவாதி) மந்திரம் போட்டால் டிசி, அதாவது தப்பிக்க எட்டவேண்டிய எண், 13. தப்பிக்கும் வாய்ப்பு 40 சதவீதம். இருவரும் பதினான்காவது லெவலுக்கு வந்து விசார்டின் இன்டெலிஜென்ஸ் 20 ஆகியிருந்தால், அடிப்படை எட்டும் தேர்ச்சிக்கு ஐந்தும் இன்டெலிஜென்ஸுக்கு ஐந்தும் சேர்ந்து டிசி 18. ஃபைட்டருக்கு விஸ்டம் சேவில் இன்னமும் பூஜ்யம்தான். வாய்ப்பு 15 சதவீதம். ஃபைட்டருக்கு இன்டாமிட்டபிள் என்ற சலுகை இருக்கிறதே என்பீர்கள். தோற்ற டைஸை மறுபடி வீசிக்கொள்ளலாம்தான், ஆனால் அதையும் சேர்த்தால்கூட 28 சதவீதத்தைத் தொடவில்லை. இத்தனை வருஷம் சண்டை போட்டு, தழும்பு வாங்கி, கோட்டை பிடித்தவன், வீட்டைவிட்டுக் கிளம்பிய நாளில் இருந்ததைவிட இளைத்துப்போய் நிற்கிறான். எனக்கு இது தாங்கவில்லை, எம்.

2000-இல் மூன்றாம் பதிப்பு ஃபார்ட்டிட்யூட், ரிஃப்ளெக்ஸ், வில் என்று மூன்றாகச் சுருக்கியபோதுதான் இது ஆரம்பித்தது. சுருக்கியதில் எனக்கு வருத்தமில்லை. ஐந்தா மூன்றா ஆறா என்பது பெரிய விஷயமே இல்லை. தப்பிக்கவேண்டிய எண் அடிவாங்குகிறவனின் தாளிலிருந்து (கதாபாத்திரத்தின் எண்களை எழுதிவைக்கும் காகிதம்) அடிக்கிறவனின் தாளுக்குப் போய்விட்டது, அதுதான் விஷயம். உயிர் பிழைப்பது ஒருவனுடைய சொந்தச் சொத்தாக இருந்தது. அதை எதிரியோடு போடும் போட்டியாக்கிவிட்டார்கள். நான்காம் பதிப்பைப் பற்றி யாரும் எழுதவேண்டாம், அங்கே சேவிங் த்ரோ என்பதே வேறு சமாச்சாரம்.

இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1979-இல் வந்த டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடில் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். பாறையில் சங்கிலியால் கட்டப்பட்டவன் டிராகனின் நெருப்பிலிருந்து எப்படித் தப்புவான் என்று யாரோ கேலி செய்திருக்கிறார்கள். ஏன் தப்பக்கூடாது என்று திருப்பிக் கேட்கிறார் அவர். கடைசி நொடியில் தழலுக்குக் கீழே சரிந்திருக்கலாம், பாறையில் ஒரு பிளவு அகப்பட்டிருக்கலாம், சங்கிலியிலிருந்து எப்படியோ விடுபட்டிருக்கலாம். முதலில் டைஸ், பிறகு கதை.

எங்கள் ஆட்டத்தில் ஒரு தம்பி இருந்தான். வாயே திறக்கமாட்டான். எட்டாவது லெவல் ஃபைட்டர், மூச்சுக்கு 10 வேண்டும். சிவப்பு டிராகன் ஊதியது. டைஸ் டீ டம்ளரில் முட்டி 11-இல் நின்றது. "எப்படிடா தப்பிச்சே, நீயே சொல்லு" என்றேன். நெடுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஓடைல முகத்தப் புதைச்சுப் படுத்துட்டேண்ணே. கேடயம் தலைக்கு மேல. முதுகு மட்டும் வெந்துபோச்சு" என்றான். சேவ் ஆனால் பாதி அடி என்ற விதிக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை. தாளின் ஓரத்தில் பென்சிலால் "முதுகில் தீக்காயம்" என்றும் எழுதிக்கொண்டான். அன்றிலிருந்து அவன் பேசினான். டிசி 18 என்று நான் அறிவித்து, அவனும் கூட்டிக் கழித்து "போச்சு" என்று சொல்லியிருந்தால் அந்த ஓடை எங்கே வந்திருக்கும்?

ஆகவே எக்செலை மூடிவையுங்கள். இந்தச் சாகசத்துக்கு மட்டுமாவது பழைய எண்களை அப்படியே அவரவர் தாளில் எழுதிவிடுங்கள். புதிய ஆட்டத்தில் எதுவும் உடைந்துவிடாது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பழைய விதியில் விஷ சேவ் தவறினால் பெரும்பாலும் சாவு. ஐந்தாவது லெவல் ஃபைட்டருக்கு அங்கே 10 வேண்டும், அதாவது 45 சதவீதம் மரணம். முன்கூட்டியே உங்கள் ஆட்களிடம் சொல்லுங்கள், பெட்டியைத் திறக்கும் முன் கழியால் தட்டிப் பார்க்கக் கற்றுக்கொள்வார்கள். ட்வார்ஃப் (குள்ளர் இனம்) கதாபாத்திரத்தை யாராவது ஆடினால் அவருக்கு முதல் லெவலிலேயே விஷத்துக்கு 8 போதும், அதைக் குறைத்துவிடாதீர்கள்.