துருக்கியில் ஓர் ஆணை மரியாதையாக எப்படி அழைப்பது?

ஆங்கில 'மிஸ்டர்' என்பதற்கு ஈடாகத் துருக்கியர் என்ன சொல்வார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். 'பே' என்பார்கள், ஆனால் 'மிஸ்டர்' குடும்பப் பெயருக்கு முன்னால் வர, 'பே' ஒருவரின் சொந்தப் பெயருக்குப் பின்னால் வரும். அஹ்மத் யில்மாஸ் என்பவர் லண்டனில் 'மிஸ்டர் யில்மாஸ்', இஸ்தான்புல்லில் 'அஹ்மத் பே'. (ஆங்கிலத்திலும் நைட் பட்டம் பெற்றவரைச் சொந்தப் பெயராலேயே அழைப்பார்கள், நியூட்டன் 'சர் ஐசக்' ஆவாரே தவிர, 'சர் நியூட்டன்' ஆகமாட்டார்.)

1934-இல் குடும்பப்பெயர்ச் சட்டம் வரும்வரை பெரும்பாலான துருக்கியருக்கு நிலையான குடும்பப் பெயரே கிடையாது என்பதால், மரியாதைச் சொல் சொந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. அதே ஆண்டு நவம்பரில் வந்த இன்னொரு சட்டம் பே, எஃபெந்தி, பாஷா ஆகிய பட்டங்களை ஒழித்தது. மாற்றாகப் பெயருக்கு முன் எழுதும் 'பாய்' புகுத்தப்பட்டது. அது கடித உறைகளிலும் படிவங்களிலும் தங்கிவிட, பேச்சில் மக்கள் 'பே'யைக் கைவிடவே இல்லை.

பெயர் தெரியாதவரை, ஆங்கிலத்தில் 'சர்' என்பதுபோல, 'பேயெஃபெந்தி' என்று விளிக்கலாம். கடைக்காரரிடமும் டாக்சி ஓட்டுநரிடமும் அது சற்று விறைப்பாக ஒலிக்கும். அங்கே 'அண்ணன்' எனப் பொருள்படும் 'ஆபி'தான் இயல்பு.