வாசகர் கேள்வி: அம்மாவின் பால்குடம்

கேள்வி: இடது மார்பகத்தையும் அக்குள் நிணநீர் முடிச்சுகளையும் அகற்றிய பின் வடிகுழாயுடன் வீடு திரும்பியுள்ள என் தாயார், தைப்பூசத்திற்குப் பால்குடம் எடுப்பேன் என்கிறார். தடுக்கலாமா?
– வாசகி, ரோஸ்ஹில், மொரீசியஸ்

பதில்: முதலில் குழாயைக் கவனியுங்கள். புண்ணிலிருந்து அதன் வழியே வடிந்து புட்டியில் சேரும் நீரை நாள்தோறும் ஒரே நேரத்தில் அளந்து எழுதிவையுங்கள்; அது 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 30 மில்லிக்குக் குறைந்த பிறகே பெரும்பாலும் குழாயை எடுப்பார்கள். சிவந்த நீர் மஞ்சளாக வெளிறுவது இயல்பே. கலங்கினாலோ, நாறினாலோ, காய்ச்சல் கண்டாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். விரதமிருந்தாலும் பருப்பையும் தயிரையும் குறைக்க வேண்டாம், ஏனெனில் புண் ஆறப் புரதம் தேவை. முடிச்சுகளை இழந்த கை பின்னாளிலும் வீங்கக்கூடும் என்பதால், மருத்துவர் சொன்ன கைப்பயிற்சிகளை அவர் செய்யட்டும். இவ்வாண்டு குடத்தை நீங்கள் சுமக்க, அவர் உடன் நடக்கலாம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.