ஈர்ப்புக்குப் பெயர் வைப்பது யார்? – கேள்வி பதில்

கும்பகோணத்தில் பதினைந்து ஆண்டுகளாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். தன்பாலீர்ப்பு (தன் பாலினத்தவர் மீது வரும் ஈர்ப்பு), இருபாலீர்ப்பு (இரு பாலினத்தவர் மீதும் வரும் ஈர்ப்பு) போன்ற பெயர்கள் மனித மனத்தை உண்மையிலேயே பிடித்துக் காட்டுகின்றனவா என்று கேட்டுப் பலர் எழுதியிருந்தீர்கள். சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

திருவாரூர், கல்லூரி மாணவி: எனக்கு ஆண்களைப் பிடிக்கும். ஒரே ஒரு தோழியிடமும் மனம் அதே போலப் போகிறது. ஒருத்தியை வைத்து இருபாலீர்ப்பு என்று சொல்லிக்கொள்ளலாமா?

பதில்: இத்தனை பேர் இருந்தால்தான் செல்லும் என்று கணக்கு எதுவும் இல்லை, அம்மா. மனம் யாரை நாடுகிறது, யாரோடு வாழ்கிறோம், நம்மை என்னவென்று சொல்லிக்கொள்கிறோம் ஆகிய மூன்றும் வேறு வேறு. 1948-இல் அமெரிக்காவில் பாலியல் ஆய்வாளர் ஆல்ஃபிரட் கின்சி, எதிர்பாலினரை மட்டுமே நாடுவது 0, தன்பாலினரை மட்டுமே நாடுவது 6 என்று ஓர் அளவுகோல் வகுத்தார். எல்லோரையும் இரண்டே பெட்டியில் அடைக்கும் பழக்கத்தை அது உடைத்தது. ஆனால் ஒரு பக்கம் கூடினால் மறுபக்கம் குறைய வேண்டும் என்று தராசுத் தட்டு போலக் கணக்கிட்டது அதன் குறை. உங்களுக்கு இரண்டு பக்கமும் கூடுதலாகவே இருக்கலாம். அந்தச் சொல் பொருந்துவதாகப் பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அவசரப்பட வேண்டாம்.

மன்னார்குடி, ஒரு தாய்: என் மகன் ஆண்களைத்தான் பிடிக்கும் என்கிறான். ஈர்ப்பு மாறக்கூடியது என்று படித்தேன். அப்படியானால் அவனையும் மாற்றிவிடலாமே?

பதில்: அம்மா, இந்தக் கேள்விக்காகத்தான் நான் எழுதவே உட்கார்ந்தேன். சிலருக்கு ஈர்ப்பு காலப்போக்கில் மாறுவது உண்மை. அமெரிக்க உளவியலாளர் லிசா டயமண்ட் ஒரு பெண்கள் குழுவைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, பலர் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரை இடையில் மாற்றிக்கொண்டார்கள். அதை வைத்து, பிறர் முயன்றால் ஒருவரை மாற்றலாம் என்று சொல்ல முடியாது. ஆறு தானாகத் தடம் மாறுவது வேறு, நாம் கரையை வெட்டிவிடுவது வேறு. வெட்டினால் வயல்தான் மூழ்கும்.

ஒரு பையனை என்னிடம் அழைத்து வந்தார்கள். மணிக்கட்டில் மூன்று மந்திரித்த கயிறுகள், மூன்றும் மூன்று ஊர்களில் கட்டியவை. பேசிய ஒரு மணி நேரமும் கயிற்றுக்கு அடியில் சிவந்திருந்த தோலையே தடவிக்கொண்டிருந்தான். அவனுக்கு எந்த நோயும் இல்லை. தன்பாலீர்ப்பை உலகச் சுகாதார நிறுவனம் 1990-இலேயே நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் தடை செய்தது. யாராவது மருந்து தருவதாகச் சொன்னால் நம்பாதீர்கள். மகன் உங்களிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறான். எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்தத் தைரியம் வருவதில்லை.

சீர்காழி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: இவையெல்லாம் மேலைநாட்டுச் சொற்கள். நம் மரபுக்கு எதற்கு?

பதில்: ஐயா, சொற்கள் புதியவைதாம். ஐரோப்பாவிலேயே 1860-களில்தான் பிறக்கத் தொடங்கின. ஆனால் தண்டனையும் அங்கிருந்து வந்ததுதானே? 377-ஆம் பிரிவு ஆங்கிலேயர் 1860-இல் இயற்றிய சட்டத்தில் இருந்தது. வயது வந்த தன்பாலினர் மனமொத்து உறவு கொள்வதை அது குற்றமாக்கியது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2018 ஆகிவிட்டது. தொல்காப்பியர் அகத்தை ஏழு திணையாக வகுத்ததையும், திணை மயக்கத்துக்கு, அதாவது ஒரு திணை இன்னொன்றோடு கலப்பதற்கு, இடம் விட்டதையும் நீங்களே வகுப்பில் நடத்தியிருப்பீர்கள். அவர் பேசியது ஆண், பெண் காதலை. அதை நான் வளைக்க மாட்டேன். வகுப்பவருக்கு மயக்கமும் தெரிந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

நாகப்பட்டினம், இளைஞர்: பெயரே வேண்டாம், எல்லோரும் மனிதர்கள் என்று விட்டுவிடலாமே?

பதில்: தம்பி, கல்லணையில் நின்று பாருங்கள். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று ஒரே தண்ணீர்தான் பிரிகிறது. தண்ணீருக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. ஆனால் கடைமடை விவசாயி தன் வாய்க்காலின் பெயரைச் சொல்லித்தானே முறைத் தண்ணீர் கேட்க முடியும்? வசைச் சொற்களுக்குப் பதிலாகக் கண்ணியமான சொற்கள் வேண்டும் என்று நீதிமன்றம் வரை போய்ப் போராடித்தான், 2022-இல் தமிழக அரசு ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. உரிமை கேட்கப் பெயர் வேண்டும். அதை அடுத்தவர் நெற்றியில் ஒட்டுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

பாபநாசம், 31 வயதுப் பெண்: எனக்கு யாரிடமும் உடல் ஈர்ப்பு வந்ததே இல்லை. வீட்டில் வரன் பார்க்கிறார்கள்.

பதில்: அதுவும் இயல்புதான். உங்களைப் போன்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வீட்டில் இதற்கென இருக்கும் புதுச் சொல்லைச் சொன்னால் விவாதம் அந்தச் சொல்லைப் பற்றியதாகிவிடும். அதனால் எனக்கு எழுதிய இந்த ஒரு வரியை அப்படியே அம்மாவிடம் சொல்லுங்கள். ஜாதகம் கை மாறுவதற்கு முன் சொல்லிவிடுங்கள். தனியாகச் சொல்லத் தயக்கமாக இருந்தால் அவரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்தே பேசுவோம்.