மக்காச்சோளம்: எந்த வகை எவ்வளவு விளையும்? கேட்டவையும் பதில்களும்

விதை உற்பத்தியிலும் ரக ஒப்பீட்டுத் திடல்களிலும் இருபது வருடத்துக்கு மேல் கதிர் எண்ணியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். பூச்சி, நோய், விலை நிலவரம் என் பாடமில்லை. ஒரே வேண்டுகோள், மகசூல் எண்ணைச் சொல்பவர்கள் மணியின் ஈரப்பதத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது இல்லாத எண்ணை நான் படிப்பதே இல்லை.

கேள்வி (புதுவரவு): மக்காச்சோளத்தில் எத்தனை வகை, எது அதிகம் விளையும்?

பதில்: மணிக்குள் மாவு எப்படி அடுக்கியிருக்கிறது என்பதை வைத்துத்தான் வகை பிரிக்கிறார்கள். ஒரு மணியை நீளவாக்கில் பிளேடால் பிளந்து பாருங்கள். பக்கவாட்டில் கண்ணாடி மாதிரி கெட்டி மாவும் நடுவில் வெள்ளையாக மென்மாவும் இருந்தால் அது பல் சோளம், டென்ட் என்பார்கள். காயும்போது நடுப்பகுதி அதிகம் சுருங்குவதால் மணியின் தலையில் குழி விழும், பார்க்கக் கடைவாய்ப்பல் மாதிரியே இருக்கும். சுற்றிலும் கெட்டி மாவாக இருந்து தலை வழவழப்பாக உருண்டிருந்தால் ஃபிளின்ட். ஃபிளின்ட்டின் கெட்டித்தனம் உச்சத்துக்குப் போனால் பாப்கார்ன். முழுக்க மென்மாவு என்றால் மாவுச் சோளம். இனிப்புச் சோளமும் மெழுகுச் சோளமும் ஒன்றிரண்டு மரபணு மாறியதால் வந்தவை.

காய்ந்த மணியின் எடையில் பொதுவாக முதலிடம் பல் சோளத்துக்கு. பின்னால் ஃபிளின்ட், கடைசி வரிசையில் பாப்கார்ன். ஆனால் பல் சோளம் பிறவியிலேயே ராஜா என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நூறு வருடத்துக்கு மேலாக உலகத்தின் இனவிருத்திக்காரர்கள் மிகுதியாக உழைத்தது அதன் மேல்தான். அந்தப் பல் சோளத்துக்குள்ளேயே ஃபிளின்ட் ரத்தம் ஓடுகிறது என்பது இன்னொரு வேடிக்கை. 1846இல் ராபர்ட் ரீட் என்ற விவசாயி அமெரிக்காவின் இல்லினாய்ஸுக்குக் குடிபோகும்போது தன்னுடைய பல் சோள விதையையும் கொண்டுபோனார். அங்கே விளைந்ததை மறு வருடம் விதைத்தால் முளைப்பு சொத்தை, வயலெல்லாம் இடைவெளி. பக்கத்தில் கிடைத்த குறுகிய வயது ஃபிளின்ட்டை வைத்துப் அந்த இடைவெளிகளை நிரப்பினார். இரண்டும் கலந்தன. அவர் மகன் வருடா வருடம் பொறுக்கியெடுத்து வளர்த்த அந்தக் கலப்பு 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் பரிசு வாங்கியது. பின்னால் வந்த ஹைபிரிட்டுகள் பலவற்றுக்கு அதுதான் பாட்டன் வழி.

கேள்வி (கணக்கன்): எனக்கு ஹெக்டேருக்கு 9 டன், நண்பருக்கு 8.2 டன். வேறு வேறு ரகம். என் ரகம்தானே மேல்?

பதில்: ஈரப்பதம்?

கணக்கன்: மன்னிக்கவும் சார். எனக்கு 28 சதவீதம், அவருக்கு 15.

பதில்: அப்படியானால் தோற்றது நீங்கள். இரண்டையும் 14 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். நூறிலிருந்து ஈரத்தைக் கழித்து, வந்ததை 86ஆல் வகுத்து, மகசூலோடு பெருக்க வேண்டும். 9 × 72 ÷ 86 என்றால் உங்களுக்கு 7.5 டன்தான். 8.2 × 85 ÷ 86 என்றால் அவருக்கு 8.1. நீங்கள் ஒன்றரை டன் தண்ணீரை எடை போட்டுவிட்டுச் சந்தோஷப்பட்டிருக்கிறீர்கள்.

கேள்வி: ஸ்வீட் கார்ன் ஹெக்டேருக்கு 15 டன் வரும் என்கிறார்கள். தானிய மக்காச்சோளத்தை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு அல்லவா?

பதில்: அது பச்சைக் கதிரின் எடை. மட்டை, கட்டை, தண்ணீர் எல்லாம் சேர்ந்தது. கதிர் நுனியில் பட்டு, அதாவது பெண் பூவின் முடி, வெளிவந்து மூன்று வாரம் ஆனதுமே ஒடித்துவிடுகிறோம், அப்போது மணியில் முக்கால் பங்கு தண்ணீர். அதையே முற்றவிட்டுக் காயவைத்தால் மணி சுருங்கி உலர் திராட்சை மாதிரி ஆகிவிடும், ஏனென்றால் சர்க்கரையை மாவாக மாற்றும் வேலை அதில் பாதியில் நின்றுபோகிறது. மாவு சேராத மணிக்கு எடை எங்கிருந்து வரும்? சேமித்த மாவு குறைவு என்பதால் மிகை இனிப்பு ரகங்களின் விதை முளைக்கவே திணறும். இன்னொன்று, பக்கத்து வயலில் பல் சோளம் அதே நேரத்தில் பூத்தால் அந்த மகரந்தம் விழுந்த மணியெல்லாம் இந்தப் பருவத்திலேயே மாவாகிவிடும், அடுத்த தலைமுறை வரை காத்திருக்காது.

கேள்வி: பேபி கார்னில் மணி மகசூல் எவ்வளவு?

பதில்: மணி பிடிக்கும் முன்பே ஒடிப்பதற்குப் பெயர்தான் பேபி கார்ன்.

கேள்வி: படைப்புழுவுக்கு எந்த மருந்து?

பதில்: என் பாடமில்லை. பூச்சியியல் தெரிந்தவரிடம் இலையோடு போய்க் கேளுங்கள்.

கேள்வி (மாடித்தோட்டம்): கதிரில் எப்போது எண்ணினாலும் வரிசை இரட்டைப்படையாகவே வருகிறது. 14, 16, 18. ஏன் அண்ணா?

பதில்: இன்றைக்கு வந்ததில் எனக்குப் பிடித்த கேள்வி இது. கதிர் உருவாகும்போது ஒவ்வொரு முகையும் இரண்டாகப் பிளந்து ஜோடியாகத்தான் சிறுகதிர் வைக்கும். ஒவ்வொரு சிறுகதிரிலும் இரண்டு பூ, அதில் கீழ்ப் பூ கருகிப்போய் மேல் பூ ஒன்றே மணியாகும். ஆக ஜோடிக்கு இரண்டு மணி, இரண்டு வரிசை. ஒற்றைப்படையாக வந்தால் பெரும்பாலும் தப்பாக எண்ணியிருப்பீர்கள். கதிரை நடுவில் ஒடித்து, ஒரு மணியில் பேனாவால் புள்ளி வைத்துவிட்டு எண்ணுங்கள்.

வகைக்கு வகை மகசூல் ஏன் மாறுகிறது என்பதும் இந்த எண்ணிக்கையிலேயே தெரிந்துவிடும். 16 வரிசை, வரிசைக்கு 35 மணி, மொத்தம் 560. பல் சோளத்தில் மணி 0.3 கிராம் என்றால் கதிருக்கு 168 கிராம். ஹெக்டேருக்கு 65,000 செடி நின்று, செடிக்கு ஒரு கதிர் வந்தால் 10.9 டன். இதே 560 மணியைப் பாப்கார்ன் மணியாக, 0.15 கிராமாக வைத்தால் கணக்கு பாதியாகிவிடும். சில பாப்கார்ன் ரகங்கள் இரண்டாவதாக ஒரு குட்டிக் கதிர் தரும், ஆனால் அது இந்தப் பள்ளத்தை நிரப்பாது. வரிசை எண்ணிக்கையைப் பெரும்பாலும் ரகமே முடிவு செய்யும். வரிசையில் எத்தனை மணி என்பதை முடிவு செய்வது பூக்கும் நேரத்துத் தண்ணீர்.

கேள்வி: அப்படியானால் பாப்கார்னில் மணியைப் பெரிதாக்கி ஒரு ரகம் உருவாக்கினால் என்ன?

பதில்: செய்யப்போனவர்கள் எல்லோரும் மாட்டிக்கொண்ட இடம் அது. எடை ஏறினால் பொரியும் அளவு இறங்கும். கெட்டி மாவும் விரிசலில்லாத தோலும் சேர்ந்து உள்ளே ஆவியைப் பிடித்துவைத்தால்தான் 180 டிகிரி செல்சியஸ் வாக்கில் வெடிக்கும். பல் சோளத்தோடு கலந்து மணியைப் பெருக்கினால் மென்மாவும் கூடவே வந்து சேரும். பொரியாத பாப்கார்னை ஹெக்டேருக்கு எத்தனை டன் விளைவித்து என்ன பயன்?

கேள்வி: எந்த ரகம் அதிகம் விளையும் சார்?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி (சிக்கனம்): ஹைபிரிட் விளைச்சலில் நல்ல கதிராகப் பொறுக்கி விதைக்கு வைத்தால் எவ்வளவு குறையும்? சிலர் பாதி என்கிறார்கள், சிலர் ஒன்றும் ஆகாது என்கிறார்கள்.

பதில்: இருவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. எத்தனை பெற்றோரிலிருந்து வந்த ஹைபிரிட் என்பதைப் பொறுத்தது. ஹைபிரிட்டின் மகசூலுக்கும், அதன் தன்கலப்புப் பெற்றோர்களின் (தன் மகரந்தத்தாலேயே தலைமுறை தலைமுறையாக வளர்த்த வரிசைகளின்) சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, பெற்றோர் எண்ணிக்கையால் வகுத்தால் அதுதான் அடுத்த தலைமுறையில் இழப்பு. ஹைபிரிட் 8 டன், பெற்றோர் சராசரி 3 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள், வித்தியாசம் 5. ஒற்றைக் கலப்பில் பெற்றோர் இரண்டு, இழப்பு இரண்டரை டன், மிஞ்சுவது ஐந்தரை. நான்கு பெற்றோர் சேர்ந்த இரட்டைக் கலப்பில் இழப்பு ஒன்றேகால் டன்தான், மிஞ்சுவது 6.75. நல்ல கதிராகப் பொறுக்குவதால் இந்த இழப்பைத் தடுக்க முடியாது, ஏனென்றால் ஒற்றைக் கலப்பு ஹைபிரிட் வயலில் எல்லாச் செடிக்கும் மரபு ஒன்றுதான், பெரிய கதிர் என்பது அந்தச் செடிக்குக் கிடைத்த இடத்தின் அதிர்ஷ்டம். விதையைச் சேமித்துத்தான் ஆக வேண்டும் என்றால், பல வழிகளைக் கலந்து தானாக மகரந்தம் சேர விட்டு வளர்க்கும் கூட்டு ரகம் எடுங்கள். ஹைபிரிட்டை விடக் கீழேதான் நிற்கும், ஆனால் வருடா வருடம் சரியாது.

நாட்டுவிதை: இந்த வீரிய மகசூலெல்லாம் உரத்தைக் கொட்டிக் காட்டிய கண்கட்டு வித்தை ஐயா. உரத்தை நிறுத்துங்கள், நாட்டு ரகத்துக்கு முன்னால் ஹைபிரிட் நிற்காது.

பதில்: தேதியைப் பாருங்கள். அமெரிக்காவில் 1866லிருந்து கணக்கு இருக்கிறது. 1930கள் வரை ஹெக்டேருக்கு ஒன்றரை டன்னைச் சுற்றியே எழுபது வருடம் ஓடியது. ஒவ்வொரு விவசாயியும் தன் வயலில் அழகான கதிரைப் பொறுக்கி விதைத்த காலம் அது. ஷல் என்ற அமெரிக்க மரபியலாளர் 1908இல் தன்கலப்பு வரிசைகளைக் கலந்தால் வீரியம் வருவதை எழுதினார், ஜோன்ஸ் என்ற இன்னொரு அமெரிக்க மரபியலாளர் 1910களின் கடைசியில் இரட்டைக் கலப்பால் விதையை மலிவாக்கினார், 1930களில் அது வயலுக்கு வந்தது. மகசூல் அப்போதே ஏறத் தொடங்கிவிட்டது. ரசாயனத் தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. முதல் ஏற்றத்துக்கு உரத்தைக் காரணம் சொல்ல முடியாது.

நாட்டுவிதை: 1970ஐ மறந்துவிட்டீர்களே. எல்லா வயலிலும் ஒரே ஹைபிரிட் ஜாதி, ஒரு இலைக்கருகல் வந்து அமெரிக்க விளைச்சலில் சுமார் 15 சதவீதம் போனது.

பதில்: மறக்கவில்லை, விதை உற்பத்தியில் இருந்தவன் மறக்க முடியுமா? ஆண் பூவைக் கிள்ளும் கூலியை மிச்சம் பிடிக்க, மகரந்தம் மலடான ஒரே சைட்டோபிளாசத்தை (தாய் வழியாக வரும் உயிரணுச் சாற்றை) ஏறக்குறைய எல்லோரும் பயன்படுத்தினார்கள், அதுவே அந்தப் பூஞ்சைக்குக் கதவைத் திறந்துவிட்டது. தப்பு பெரிய தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ஒரே தாய் வழியை எங்கும் பரப்பிய தப்பு, கலப்பு வீரியத்தின் தப்பு இல்லை.

நாட்டுவிதை: மானாவாரியில், மழை பொய்க்கிற நிலத்தில்?

பதில்: அங்கே நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒன்றரை டன்தான் வரும் என்ற நிலத்தில் வருடா வருடம் விதை வாங்கும் செலவை அந்தக் கூடுதல் மகசூல் ஈடுகட்டாமல் போகலாம், கூட்டு ரகம்தான் புத்திசாலித்தனம். ஆனால் ‘செலவுக்குக் கட்டாது’ என்பது வேறு, ‘விளையாது’ என்பது வேறு. பழைய, புதிய ஹைபிரிட்டுகளைப் பக்கத்துப் பக்கத்தில் நட்டுப் பார்த்த சோதனைகளில் வளமான நிலத்திலும் வாடிய நிலத்திலும் புதியவையே முந்தின.

நாட்டுவிதை: பாதி ஒப்புக்கொண்டீர்கள், அது போதும்.

கேள்வி (பொறுமைசாலி): உங்கள் சண்டையில் என் கேள்வி மேலே போய்விட்டது. ஒரு செடியில் மூன்று கதிர் வைக்கும் ரகம் எது?

பதில்: தேடாதீர்கள். பரப்பி நட்டால் பல ரகங்கள் இரண்டு வைக்கும். மகசூல் ஏறிய வழி அதுவல்ல. 1930களில் ஹெக்டேருக்கு 30,000 செடி, இப்போது 80,000. தனியாகப் பரந்து நிற்கும் ஒரு செடியை எடுத்தால் அன்றைய ஹைபிரிட்டுக்கும் இன்றையதற்கும் பெரிய வித்தியாசமில்லை. நெருக்கத்தில் நிற்கும்போது பழையது மலடாகும், பட்டு தாமதமாக வரும், காற்றுக்குச் சாயும். புதியது நெருக்கத்தைத் தாங்கி ஒற்றைக் கதிரை ஒழுங்காக நிரப்பும். நான் ஒரு திடலில் இடைவெளி விட்டுப்போன மூலையில் மூன்று கதிரோடு நின்ற செடியைப் பார்த்துப் பூரித்து விதைக்கு எடுத்து, அடுத்த வருடம் வரிசையில் நட்டதில் பாதிக்குக் கதிரே இல்லை.

கேள்வி: புரதம் அதிகமுள்ள மக்காச்சோளம் குறைவாக விளையுமா?

பதில்: குறைவாக விளைந்தது ஒபேக்-2 என்ற பழைய வகை. 1960களில் அதில் லைசின் என்ற புரதக் கூறு ஏறக்குறைய இரட்டிப்பு என்று தெரிந்ததும் உலகமே குதித்தது. ஆனால் மணி சுண்ணாம்புக் கட்டி மாதிரி மென்மை, எடை குறைவு, வண்டுக்கு விருந்து. மெக்சிகோவில் சுரிந்தர் வாசல், ஈவாஞ்சலினா வில்லேகாஸ் என்ற இரு விஞ்ஞானிகள் பல வருடம் உட்கார்ந்து அதற்குக் கெட்டி மாவைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், 2000இல் உலக உணவுப் பரிசு அதற்குத்தான். அந்தத் தரப்புரத வகையில் நல்ல ஹைபிரிட்டுகள் சாதாரண ஹைபிரிட்டுக்குச் சமமாகவே விளைகின்றன. கூடுவது புரதத்தின் அளவு அல்ல, தரம். பக்கத்து வயல் மகரந்தம் விழுந்தால் அந்த மணியில் அதுவும் போகும்.

கேள்வி: வெள்ளையா மஞ்சளா, எது அதிகம் விளையும்?

பதில்: நிறத்துக்கு மகசூலில் பங்கில்லை.

கேள்வி: ஏக்கருக்கு 623 புஷல் என்று படித்தேன். உண்மையா?

பதில்: உண்மை. 2023இல் வர்ஜீனியாவில், மகசூல் போட்டியில். புஷல் 25.4 கிலோ, ஹெக்டேர் கணக்கில் 39 டன். போட்டிக்கென்று ஊட்டி வளர்த்த திடல் அது. அதே நாட்டின் சராசரி 11 டன், உலகச் சராசரி 6 டன்னுக்குள். ஒன்றைப் பாராட்டுகிறேன், அந்தப் போட்டியில் ஈரத்தைத் திருத்தித்தான் எண் சொல்கிறார்கள்.

கேள்வி: என் ரகம் 12 டன் வந்தது, உலகச் சராசரிக்கு இரண்டு மடங்கு!

பதில்: ஈரப்பதம்.

கேள்வி: எந்த ரகம் பெஸ்ட்?

பதில்: மூன்றாவது முறை. உங்கள் மழைக்காலம் எத்தனை நாள் என்று தெரியாமல் யார் ரகத்தின் பெயர் சொன்னாலும் நம்பாதீர்கள். நீண்ட வயது ரகம் அதிகம் விளையும், பட்டு வரும் வாரத்தில் மண் காய்ந்தால் அதே ரகம் குறுகிய வயதிடம் தோற்கும்.

கேள்வி (கணக்கன்): ஈரப்பதம் ஈரப்பதம் என்கிறீர்கள், ஈரமானி இல்லாதவன் என்ன செய்வது?

பதில்: நியாயமான கேள்வி, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் கால் பங்கு மணி, ஒரு பெரிய ஸ்பூன் காய்ந்த தூள் உப்பு. மூடி இரண்டு நிமிடம் குலுக்கிவிட்டு, கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டியிருந்தால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாமல் அடியில் உதிர்ந்து கிடந்தால் அதற்குக் கீழே, அப்போது எடை போட்டு எண்ணைக் கொண்டுவாருங்கள்.